குருசடியில் பூத்த உப்பு

ஜூலை 4, வெள்ளி

காலைப் பூசை முடிந்து கடற்கரைக் குருசடிக்குப் போனேன். முதல் வெள்ளி, நல்ல கூட்டம். ஆடி பிறக்கும் முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது, ஒரு மெழுகுவர்த்திகூட நிற்கவில்லை. எல்லாரும் வழக்கம்போலக் கல்குருசின் அடியில் உப்பும் மிளகும் கொட்டி, மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி முட்டிபோட்டார்கள். உப்பு கரைகிற மாதிரி உடம்பில் உள்ளது கரைய வேண்டும் என்பது எங்கள் ஊர் நேர்ச்சை. மருவுக்கு, அக்கிக்கு, ஆறாத புண்ணுக்கு. நானும் உப்பு போட்டேன்.

எழுந்திருக்கும்போது, குருசின் அடியில் செதுக்கியிருக்கும் வியாகுல மாதாவின் தோளில் கை ஊன்றினேன். நகம் அளவுக்குக் கல் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. ஒரு பக்கம் கண்ணாடித் தாள் போல மின்னுகிறது. மறுபக்கம் வெள்ளை மாவு. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

போன வருஷத் திருவிழாவுக்கு முன்னால் பூசிய பூச்சு அது. ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார் அண்ணன், குவைத்தில் இருக்கிற மகன் அனுப்பிய பணத்தில் டப்பா டப்பாவாக வாங்கி வந்தார். கடல் காற்று கல்லை அரிக்காது, நூறு வருஷம் நிற்கும் என்று டப்பாவில் போட்டிருந்தது. மாதா சபைப் பெண்கள் நாங்கள்தான் காலையில் குருசைக் கழுவி, சாயங்காலமே பூசினோம். புதுக் கார் மாதிரி மின்னியது. என் கையிலும் ஒரு பிரஷ் இருந்தது.

பெயர்ந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்து ஜெபமாலைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். குப்பையில் போட மனம் வரவில்லை.

மீன் வாங்கவில்லை, இவர் கொண்டுவந்த ஊளி இருந்தது. சோப்பு, சீரகம், கல் உப்பு மூன்று பாக்கெட். டெல்பின் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இவ்வளவு?" என்றாள். ஊறுகாய்க்கு என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்ததும் கஸ்பார் அண்ணன் கோவில் வாசலில் நின்று பேசினார். மணற்கல் இனி தாங்காது, மாதாவின் மூக்கு போய்விட்டது, அடுத்த காற்றில் கண்ணும் போகும். பழைய குருசை எடுத்துவிட்டு கறுப்புக் கிரானைட்டில் புதிது வைத்துவிடலாம், செலவு தன்னுடையது, செப்டம்பர் பதினான்கு திருச்சிலுவைத் திருவிழாவுக்குள் முடித்துவிடலாம் என்றார்.

"பழசை என்ன செய்வீரு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"மரியாதையா கடல்ல இறக்கிருவோம், வே. கப்பல் உடைஞ்சு கரைக்கு வந்தவங்க நட்ட குருசு. வந்த வழியே போகட்டும்."

கிரானைட் மின்னும், உதிராது, அண்ணன் சொல்வது சரிதானே என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பங்குச்சாமி மட்டும், "கல்லைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் பார்க்கட்டும், அதுக்கப்புறம் முடிவு பண்ணுவோம்" என்றார்.

எனக்குக் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த அன்று முதலில் கும்பிட்ட முகம் அது. மூன்று பிள்ளைகள் தங்காமல் போனபோதும் அந்த முகத்தின் முன்னால்தான் போய் உட்கார்ந்தேன். நாலாவதாக டெல்பின் பிறந்தாள். கிரானைட்டில் வருகிற மாதாவுக்கு இதெல்லாம் தெரியாது.

ஜூலை 16, புதன்

டெல்பினை டாக்டரிடம் கூட்டிப் போனேன். காற்றுக் காலம் என்பதால் கைகளில் செதில் அதிகமாகியிருக்கிறது. சொரியாசிஸ் யாருக்கும் ஒட்டாது, மூடி வைக்காதீர்கள், வெயில் படட்டும் என்று போன தடவை சொன்னதையே சொன்னார். அவர் சொல்லுவார். தூத்துக்குடி மாப்பிள்ளை வீட்டாருக்கு யார் பதில் சொல்வது? அவர்களுடைய சித்தி நம் ஊரில்தான் இருக்கிறாள். இரண்டு முழுக்கைச் சுடிதார் தைக்கக் கொடுத்தேன்.

ஜூலை 24, வியாழன்

சென்னையிலிருந்து பழைய கல் வேலைகளைப் பாதுகாக்கிற மேடம் வந்திருக்கிறார். பெயர் மெஹருன்னிசா. நாற்பது வயது இருக்கலாம். சாமி இருக்கிற பங்களாவில் சமைக்கிறவளுக்குக் காய்ச்சல் என்பதால் மதியச் சாப்பாடு நம் வீட்டில் என்று சாமி சொல்லியனுப்பினார். அதனால் நானும் குருசடியில் போய் நின்றேன்.

அவர் முதலில் எதையும் தொடவில்லை. ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மருந்து விடுகிற சொட்டுக் குழாயால், பூச்சு உரிந்துபோன இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். கல் அதை உடனே குடித்துவிட்டது. பூச்சு இருக்கிற இடத்தில் விட்டார். சொட்டு முத்து மாதிரி நின்று, உருண்டு, கீழே விழுந்தது.

"நல்லாத்தானே தடுக்குது மேடம்?" என்றேன்.

"வெளியே இருந்து வர்றதைத் தடுக்குதுக்கா. உள்ளே இருக்கிறது எப்படி வெளியே வரும்? மணற்கல்லுக்குள்ள முழுக்கத் துளை. அடியில இருந்து ஈரம் ஏறிக்கிட்டே இருக்கும், கூடவே உப்பும். முன்னாடி ஈரம் மேல வந்து காத்துல காய்ஞ்சிடும். உப்பு வெளியில பூக்கும், மழையில போயிடும். இப்ப மேல ஒரு பிளாஸ்டிக் தோல். ஈரம் அதுக்குப் பின்னால வந்து நின்னுடுது. உப்பு அங்கேயே கட்டியாகுது. கட்டியாகும்போது இடம் வேணும்ல, கல்லை உடைச்சுத் தள்ளுது. தோல் உரியும்போது கல்லையும் கூட்டிக்கிட்டு வருது."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "ஈரம் காயாத கருவாட்டைப் பாலித்தீன் கவர்ல கட்டி வச்ச மாதிரி" என்றேன்.

அவர் சிரித்து, "இதை நான் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் படம் போட்டுச் சொல்லுவேன்" என்றார். "பூசுறதுக்கு முன்னாடி கல்லைக் கழுவினாங்களா?"

"காலையில கழுவி, சாயங்காலம் பூசினோம்."

அவர் அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

மதியம் சாப்பிடும்போது டெல்பினும் இருந்தாள். ஐஸ் கம்பெனியில் மின்சாரம் இல்லை என்று சீக்கிரம் வந்துவிட்டாள். மேடம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. கடல் காத்து உப்புன்னா கிழக்குப் பக்கம்தானே ரொம்ப அரிச்சிருக்கணும்? இங்க கடலுக்கு முதுகு காட்டுற மேற்குப் பக்கம்தான் மோசம். அதுவும் அடியில, மாதா முகம் இருக்கிற பக்கம். அவ்வளவு உப்பு அங்க எங்கிருந்து வருது?"

நான் ரசம் எடுத்துவர உள்ளே போனேன்.

ஜூலை 25, வெள்ளி

குருசடிக்குப் போனேன். உப்புப் பை கூடவே வந்து கூடவே திரும்பியது.

ஆகஸ்ட் 2, சனி

மேடம் கேட்டதற்குத் திருவிழா வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் முகம் உறுதிப்படாவிட்டால் கிரானைட்தான் என்று கஸ்பார் அண்ணன் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

பழைய பூச்சை எடுக்கிற வேலை நடக்கிறது. அதற்கென்று ஒரு மருந்து, நகப்பூச்சு அழிக்கிற மருந்தின் வாடையே அடிக்கிறது. அதைப் பஞ்சில் நனைத்துக் கல்லில் ஒத்தி, மேலே தாள் மூடிக் காத்திருக்க வேண்டும். பூச்சு பாலாடை போல ஊறி எழும்பும். அதை மூங்கில் குச்சியால் மெல்லச் சுருட்டி எடுக்கிறார். உள்ளங்கை அகலத்துக்கு எடுக்க அரை நாள் போகிறது. நாங்கள் பெண்கள் ஒரே சாயங்காலத்தில், மாதா பிரார்த்தனை சொல்லி முடிக்கிறதற்குள் பூசினது.

டெல்பின் லீவு நாளில் கூடப் போய் உதவுகிறாள். "கையை மடிச்சு விட்டுக்கோம்மா, மருந்து துணியில பட்டா ஓட்டையாயிடும்" என்றார் மேடம். அவள் மடிக்கவில்லை. மேடம் இன்னொரு தடவை சொல்லவும் இல்லை. முழங்கை வரை வருகிற கையுறை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று மாதா விண்ணேற்பு, பாயசம் வைத்தேன். மேடத்துக்கு ஒரு தூக்கு கொடுத்துவிட்டேன்.

பூச்சு எல்லாம் போய்விட்டது. பூச்சு எடுத்த இடங்களிலிருந்து இரண்டு வாரமாகவே உப்பையும் எடுத்து வருகிறார். காகிதத்தை ஊறவைத்து இட்லி மாவு பதத்துக்கு அரைத்து, உப்பில்லாத சுத்தத் தண்ணீரில் குழைத்துக் கல்லின்மேல் அப்புகிறார். காய காய, கல்லுக்குள் இருக்கிற உப்பு ஈரத்தோடு கிளம்பி அந்தக் காகிதத்துக்கு வந்துவிடும். காய்ந்ததை உரித்துத் தண்ணீரில் போட்டு, ஒரு சின்ன மீட்டரை விட்டு எவ்வளவு உப்பு என்று பார்க்கிறார். டெல்பின்தான் குறித்துக்கொள்கிறாள்.

வாரம் முழுக்க உப்பு குறைந்துகொண்டே வருகிறது. சனிக்கிழமை மறுபடி ஏறிவிடுகிறது. போன சனியும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

"வெள்ளிக்கிழமை இங்க என்னக்கா நடக்குது?" என்று மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்ட விதத்திலேயே அவருக்குத் தெரியும் என்று தெரிந்தது. ஊரார் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறார்.

"நேர்ச்சை" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

டெல்பின் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஊறுகாய் போடாத வீட்டுக்கு அத்தனை உப்பு எதற்கு என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாதாவே, நான் நிறுத்தியது உமக்காகத்தான். திருவிழா வரைக்கும் என்று நேர்ந்ததைப் பாதியில் விட்டேன் என்று கோபத்தை என் பிள்ளைமேல் வைத்துவிடாதேயும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மாலை ஜெபத்துக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம். ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். தூத்துக்குடி வீட்டின் சித்தி எனக்கு முன் வரிசையில் இருந்தாள். டெல்பின் பின்னால் சுவரோரமாக நின்றாள். சாமி, மேடத்தைப் பேசச் சொன்னார். மேடம் சுருக்கமாகச் சொன்னார்: கல்லுக்குள் இருக்கிற உப்பை எடுத்தால் முகம் நிற்கும், ஆனால் வாராவாரம் அடியில் புது உப்பு கரைந்து ஏறுகிறது, அது நின்றால்தான் மேற்கொண்டு வேலை.

மண்டபம் இரைந்தது.

கஸ்பார் அண்ணன் எழுந்தார். "எங்க பாட்டன் காலத்துல இருந்து உப்பு போடுதோம். அப்பல்லாம் மாதா மூஞ்சி உதிரலையே."

"அப்ப பூச்சு இல்லை சார். ஏறின உப்பு வெளியே வந்துடுச்சு."

"பூச்சைத்தான் இப்ப எடுத்தாச்சில்லா? இனி போட்டா என்ன?"

"இந்த ஒரு வருஷத்துல கல் உள்ளுக்குள்ள நொந்து போயிருக்கு. முன்னாடி தாங்கினதை இப்பத் தாங்காது."

ஆண்கள் பக்கமிருந்து ஒருவன், "நம்ம நேர்ச்சையை நிறுத்தச் சொல்ல இவங்க யாரு? நம்ம வேதக்காரங்களா?" என்றான்.

கஸ்பார் அண்ணன் அவன் பக்கம் திரும்பி, "ஏலேய், அந்தப் பேச்சு இங்க வேண்டாம். வெயில்ல ஒரு மாசமா நம்ம மாதா காலடியில உக்காந்திருக்கது அந்தப் பொம்பளைதான், நீ இல்ல" என்றார். பிறகு பெண்கள் பக்கம் பார்த்தார். "ஆனா நேர்ச்சைங்கது சும்மா இல்ல. உப்பு போடுத ஒருத்தி எந்திச்சு, எனக்குச் சம்மதம், நான் நிறுத்துதேன்னு சொல்லட்டும். கிரானைட்டை நானே விட்டுருதேன். யாரு போடுதா, எதுக்குப் போடுதான்னு எங்களுக்கும் தெரியட்டும்."

யாரும் எழவில்லை. உப்பு போடுகிறேன் என்று எழுந்தால் வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்பார்கள். எல்லா வீட்டிலும் ஏதோ இருக்கிறது. நான் ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை எழப் பார்த்தேன். சித்தியின் கொண்டை நேர் முன்னால் இருந்தது.

"எங்கம்மா போடுதாங்க, மாமா. எனக்காக."

டெல்பின் சுவரோரத்திலிருந்து நடுவில் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே மடித்து விட்டாள். அவசரப்படாமல், துணி துவைக்கப் போகிறவள் மாதிரி.

"இது யாருக்கும் ஒட்டாது. டாக்டர் வெயில் படணும், காத்துப் படணும்னு சொன்னாரு. நான் மூடியே வச்சிருந்தேன். அதுல ஜாஸ்திதான் ஆச்சு."

மூடச் சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை.

அப்புறம்தான் என் கால் எழுந்தது. "அண்ணே, ஒரு மாசத்துக்கு முன்னாலயே நான் நிறுத்திட்டேன். மாதாவுக்கு உப்பு வேண்டாம்னு நான் சொல்ல வரல. காலடியில கரைக்க வேண்டாம், தள்ளி ஒரு பாத்திரத்துல வைப்போம். அவ பார்க்கட்டும், போதும். அந்த உப்பைக் கருவாடு காயப்போடுத பெண்டுகளுக்குக் கொடுத்துருவோம். வீணாகாது" என்றேன். இவ்வளவும் நானா சொன்னேன் என்று இப்போது நினைத்தால் வியர்க்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபஸ்தியாள் எழுந்தாள். "நானும் போடுதேன். என் வீட்டுக்காரர் காலுக்கு. நானும் நிறுத்துதேன்." அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இத்தனை வீட்டிலா என்று ஆண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கஸ்பார் அண்ணன் எழுந்து நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில், "என் மகன் ஆசையா பூசச் சொன்னது, அமலி. கெடுதல் நினைக்கல" என்றார்.

"பிரஷ் பிடிச்சது நாங்கதானே அண்ணே" என்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது டெல்பின் கையை இறக்கி விடவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 6, சனி

மீட்டர் ஏறவில்லை. டெல்பின் எண்ணைப் படித்ததும் மேடம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு அந்தக் கையுறையோடே அவள் தலையில் கை வைத்தார்.

செப்டம்பர் 10, புதன்

முகத்துக்கு உறுதி ஏற்றுகிற மருந்து மூன்று நாளாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே போயிருக்கிறது. அது முற்றாக இறுக இன்னும் வாரங்கள் பிடிக்குமாம். ஆனாலும் இன்று விரல் நுனியால் தொட்டால் மாவு ஒட்டவில்லை. தண்ணீர் தடுக்கிற கடைசிப் பூச்சு, மருந்து இறுகி, கல் நன்றாகக் காய்ந்த பிறகுதான். அதற்காக அடுத்த மாதம் மறுபடி வருவதாகச் சொன்னார்.

"மறுபடியும் பூச்சா?" என்று பயந்து கேட்டேன்.

"இதுவும் அந்தக் குடும்பம்தான் அக்கா, பாலிமர்னு பேரு. ஆனா குணம் வேற. அது மேல தோலா நின்னுச்சு. இது துளைக்குள்ள போய் அந்தச் சுவர்ல மட்டும் மெல்லிசா ஒட்டிக்கும், துளையை அடைக்காது. மழைத் தண்ணி உள்ளே போகாது, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியா வெளியே போகும்."

"கொசுவலை மாதிரியா?"

"கிட்டத்தட்ட. அப்பவும் அடியில ஒரு சாண் பூசாம வெறுமனே விடுவேன். தரையில இருந்து ஏறுற ஈரத்துக்கு ஒரு வாசல் வேணும்ல."

கஸ்பார் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "எவ்வளவு பளபளன்னு வரும் மேடம்?"

"வரவே வராது சார். பூசினதே தெரியாது."

"தெரியாததுக்கா இவ்வளவு பாடு?" என்று சொல்லிவிட்டு, குனிந்து மாதாவின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண் இரண்டும் இருக்கிறது. மூக்கு போனது போனதுதான். வைத்து ஒட்டினால் அது வேறு யாரோ ஆகிவிடும் என்று மேடம் விட்டுவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

திருவிழா நன்றாக நடந்தது. கல்குருசுக்கு மாலை கிடையாது, மெழுகுவர்த்தி பத்தடி தள்ளி. உப்புக்காகக் கஸ்பார் அண்ணன் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, விளிம்பை உரசி மழுக்கி, அவரே தோளில் சுமந்துவந்து வைத்தார். "இதுக்கு எந்தப் பூச்சும் தேவையில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் டிரம் நிறைந்துவிட்டது. ஜெபஸ்தியாளும் நானும் கருவாட்டுக் களத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

முதல் பொங்கல் சட்டியில் மேடத்துக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்தேன். அவர் டெல்பினுக்கு ஒரு சொட்டுக் குழாயும் நோட்டும் கொடுத்திருக்கிறார். மாதம் ஒரு தடவை சொட்டு விட்டுப் பார்த்து அவருக்கு எழுத வேண்டுமாம்.

தூத்துக்குடியிலிருந்து போன் வரவில்லை.

அக்டோபர் 11, சனி

மேடம் சொன்னபடி வந்து கடைசிப் பூச்சைப் பூசி முடித்தார். பூசினது தெரியவில்லை. ராத்திரி ரயிலுக்குக் கட்டுச்சோறு கொடுத்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

ராத்திரி முழுக்க மழை. இவர் கடலுக்குப் போகவில்லை. விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு நானும் டெல்பினும் குருசடிக்குப் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே ஜெபம்தான்.

தண்ணீர் கல்லின்மேல் நிற்காமல் முத்து முத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. மாதாவின் கன்னத்தில் இறங்கியதைப் பார்த்தபோது துக்கமாக இல்லை. அடியில் வெறுமனே விட்ட ஒரு சாண் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. மழை விட்டு வெயில் வந்தது. நாங்கள் அங்கேயே ஓடத்தின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, மதியத்துக்குள் கல் தன் மஞ்சள் நிறத்துக்கு வந்துவிட்டது. காய்ந்த இடத்தில் கையால் தடவிப் பார்த்தேன். விரலை நாக்கில் வைத்தேன். சும்மா கல்தான்.

டெல்பின் சுடிதார்க் கையைச் சுருட்டி விட்டு, வெயிலுக்கு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பரவாயில்லை. மாறிவிட்டது என்று எழுத மாட்டேன், கொஞ்சம் பரவாயில்லை.

திரும்பும் வழியில் தையல்கார விண்ணரசி வீட்டில் நுழைந்தோம். கிறிஸ்துமஸுக்குத் துணி. விண்ணரசி டேப்பை எடுத்துக்கொண்டு வழக்கம்போல மணிக்கட்டு வரை பிடித்தாள். நான் அதைப் பிடித்து மேலே நகர்த்தினேன், முழங்கை வரைக்கும்.

"இன்னும் மேலம்மா" என்றாள் டெல்பின்.

நகர்த்தினேன்.